முதல் பத்து விநாடி

புக்கிட் பெலண்டோக்,
8 மார்ச் 2025

அன்புள்ள தங்கச்சி ரோகினிக்கு,

அக்கா ரதி எழுதுவது. நானும் உன் மாமாவும் சுகமாக இருக்கிறோம். மாமாவுக்கு இனிப்பு நீர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, கிளினிக்கில் ஒரு மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள். அங்கே மாப்பிள்ளை கணேசமூர்த்தியும் தர்மினியும் நீயும் எப்படி இருக்கிறீர்கள்?

கடிதத்தைப் பார்த்ததும் நீ சிரித்திருப்பாய். வேறு என்ன செய்வது, கைப்பேசியில்தான் உன்னை 'பிளாக்' போட்டு அடைத்து வைத்திருக்கிறேனே. "இனி உன்னோடு வாட்ஸாப்பில் ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று குடும்பக் குழுவில் எல்லோர் முன்னாலும் எழுதிவிட்டுத்தான் வெளியே வந்தேன். சொன்ன சொல்லை மாற்ற மாட்டேன். கடிதம் எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

பத்திரிகையில் உன் படம் நன்றாகத்தான் இருந்தது. கையில் கைத்தட்டுக் கணினி, பக்கத்தில் பிள்ளைகள், சுவரெல்லாம் கறுப்புக் கட்டங்கள். "கியூஆர் குறியீட்டில் கதை கேட்கும் கெமாஸ் மாணவர்கள்" என்று தலைப்பு. அதை நம் தம்பி மகேந்திரன் குழுவில் போட்டு, "எங்க குடும்பத்தோட டீச்சர்" என்று எழுதினான் பார், அங்கேதான் எனக்கு எரிந்தது. அப்படியானால் இருபத்தாறு வருஷமாக இந்தத் தோட்டப் பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 'அ' சொல்லிக்கொடுக்கும் நான் யார்? ரப்பர்ப் பால்மரம் வெட்ட வந்தவளா?

"கட்டத்தைப் படம் பிடித்தால் படிப்பு வந்துவிடுமா" என்று நான் எழுதியது தப்பே இல்லை. அதற்குச் சிரிக்கிற மூஞ்சியைப் போட்டானே நம் தம்பி, அதுதான் தப்பு.

இருக்கட்டும். அந்தக் கட்டத்துக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், வேறொன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ரதி

*

கெமாஸ்,
20 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் பள்ளி முகவரிக்கு வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் நலம். தர்மினிக்கு மட்டும் இரண்டு நாள் காய்ச்சல், இப்போது மூன்றாம் ஆண்டு வகுப்பையே தலைகீழாக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். மாமாவைச் சோற்றைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கட்டத்துக்குள் ஒன்றும் இல்லை அக்கா. ஒரு விலாசம்தான் இருக்கிறது. கைத்தட்டை அதன்மேல் காட்டினால், அந்த விலாசத்தில் நான் வைத்திருக்கும் குரல் பேசும். பிள்ளை புத்தகத்தில் விரலை வைத்து, குரலோடு சேர்ந்து வரியைப் படிக்கும். திணறுகிற பிள்ளை ஒரே வரியை நாலு தடவை கேட்கலாம். பக்கத்துப் பிள்ளை சிரிக்குமே என்ற வெட்கம் இல்லை. அவ்வளவுதான் விஷயம். பெற்றோர் சங்கம் பத்து கைத்தட்டு வாங்கிக் கொடுத்தது, அதனால் முடிந்தது.

விலாசத்தில் இருக்கும் குரலை நான் இங்கிருந்தே மாற்றிக்கொள்ளலாம், ஒட்டிய அட்டையைத் தொட வேண்டியதில்லை. எத்தனை பேர், எந்த நாள், எத்தனை மணிக்குக் கேட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். யாருக்கு எந்தக் கதை பிடிக்கிறது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.

மாதிரிக்கு ஆறு அட்டைகள் வைத்திருக்கிறேன். சும்மா பாருங்கள். பிடிக்காவிட்டால் குப்பையில் போடுங்கள், கோபிக்க மாட்டேன்.

அன்புத் தங்கை,
ரோகினி

*

புக்கிட் பெலண்டோக்,
26 ஏப்ரல் 2025

அன்புள்ள ரோகினிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். வெயில்தான் மண்டையைப் பிளக்கிறது. தர்மினிக்குக் காய்ச்சல் மறுபடி வரவில்லையே?

உன் அட்டைகள் கிடைத்தன. மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன். கேட்டுப் பார்க்க நேரமில்லை. இங்கே என் தலைக்கு மேல் வேலை.

பள்ளிக்குத் தேவன் என்று ஒரு பையன் புதிதாக வந்திருக்கிறான், இருபத்தைந்து வயது. எதற்கெடுத்தாலும் 'ஆப்' இருக்கிறது என்பான். தலைமையாசிரியருக்கு அவன்மேல் ஒரே பாசம். அடுத்த வருஷம் முதலாம் ஆண்டை அவனுக்குக் கொடுத்துவிட்டு, என்னை நூலகத்துக்கு அனுப்பப் பேச்சு நடக்கிறது. "டீச்சர், காலத்துக்கு ஏத்த மாதிரி புத்தாக்கம் ஏதாச்சும் காட்டுனாதானே நான் உங்களுக்காகப் பேச முடியும்" என்றார் என் முகத்தைப் பார்த்தே.

பதினேழு பிள்ளைகள் ரோகினி, இந்த வருஷம். முதல் நாள் அழுதுகொண்டு வந்து என் சேலையைப் பிடிப்பதும் முதல் எழுத்து எழுதுவதும் என்னிடம்தான். அதை எடுத்துக்கொண்டு தூசி தட்டப் போ என்றால் எப்படி இருக்கும்? உனக்கு இதெல்லாம் புரியாது, உனக்குத்தான் பத்து கைத்தட்டு இருக்கிறதே. இங்கே லைன் கிடைப்பதே சன்னல் ஓரத்தில்தான்.

அந்தச் சன்னல் ஓரத்துச் சுவரைக் கொஞ்சம் அலங்கரித்தேன். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "இதெல்லாம் நீங்களே செஞ்சதா டீச்சர்? பரவால்லையே" என்றார். ஆமாம் என்றேன். என்ன அலங்காரம் என்று கேட்காதே, சும்மா வண்ணத்தாள்.

ரதி அக்கா

*

கெமாஸ்,
10 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். முதலாம் ஆண்டு உங்களை விட்டுப் போகாது, மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்.

தொழிலாளர் தினத்துக்கு மறுநாள், மே இரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை, எங்கள் பள்ளிக்குச் சிறப்பு விடுமுறை. நாங்கள் மூவரும் மலாக்கா போய் வந்தோம். தர்மினி பெரியம்மாவுக்கு என்று ஒரு கைப்பை எடுத்து வைத்திருக்கிறாள்.

திரும்பி வந்து கணினியைப் பார்த்தேன். பள்ளி மூடியிருந்த அந்த வெள்ளிக்கிழமை காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள், அந்த ஆறு அட்டைகளில் ஒன்றான உடும்புக் கதையை யாரோ பதினேழு தடவை திறந்திருக்கிறார்கள். அந்தக் கதைக்கு இவ்வளவு ஆசைப்படும் பிள்ளைகள் எங்கேயோ இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வேறு விசேஷம் இல்லை. மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ரோகினி

*

புக்கிட் பெலண்டோக்,
14 ஜூன் 2025

அன்புள்ள ரோகினிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளி விடுமுறையில் மாமாவுக்குக் கால் வீங்கி, சிரம்பான் மருத்துவமனைக்கு இரண்டு முறை அலைந்தோம். இப்போது பரவாயில்லை. இந்த வருஷம் டுரியான் நன்றாகக் காய்த்திருக்கிறது. மாமா தொடக் கூடாது, நான்தான் தின்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உடும்பு கடைக்காரரிடம் சட்டை கேட்கிற இடத்தில் எதற்காக இருமுகிறாய்? அங்கே இருமக் கூடாது. ஒரு மூச்சு நிறுத்தி, பிள்ளைகள் என்ன ஆகுமோ என்று பார்க்கும்போதுதான் கடைக்காரர், "வால வீட்டுல வச்சிட்டு வாலா" என்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாதா? சட்டை வாங்கப் பாசார் சந்தைக்குப் போன உடும்பு நான் கட்டிய கதை. என் வகுப்பில் பிறந்த கதை. அதை எடுத்து உன் குரலில் வைத்து, பத்திரிகையில் படமும் போட்டுக்கொண்டாய். ஒரு வார்த்தை கேட்டாயா என்னிடம்?

எனக்கு வயிறு எரிகிறது, மறைப்பானேன். பஞ்சாலை என்று ஒரு பிள்ளை. பள்ளி திறந்து நாலு மாதம் வாயையே திறக்கவில்லை. நான் கெஞ்சினேன், மிட்டாய் கொடுத்தேன், மடியில் உட்கார வைத்தேன். அந்தப் பிள்ளை போன வாரம் விரலை வரியில் வைத்து, 'உடும்பு சட்டை கேட்டது' என்று முழுசாகப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்து, "டீச்சர், இன்னைக்கு அந்த டீச்சர் பேச மாட்டாங்களா?" என்று கேட்டாள். எந்த டீச்சர் என்று உனக்கு நான் சொல்லப் போவதில்லை.

தர்மினியின் கைப்பையை நீயே வைத்துக்கொள்.

ரதி

*

கெமாஸ்,
22 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். இங்கே நாங்கள் நலம்தான்.

கதை உங்களுடையதுதான். ஆறு அட்டையில் இருக்கும் ஆறும் உங்களுடையவை. கேட்காமல்தான் எடுத்தேன். கேட்டால் கொடுத்திருப்பீர்கள், கொடுத்ததை ஊரெல்லாம் சொல்லியும் இருப்பீர்கள். அதனால்தான் கேட்கவில்லை.

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம் நினைவிருக்கிறதா? வெளியே போக முடியாமல் தர்மினி அழுதுகொண்டிருந்தாள், அப்போது நாலு வயது. தினமும் மத்தியானம் வாட்ஸாப்பில் கதையைக் குரலாக அனுப்புவீர்கள். பிள்ளை கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு சிரிக்கும். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். நான் சொல்லப் போனால், "பெரியம்மா மாதிரி சொல்லும்மா" என்பாள். பெற்றவள் நான்.

உங்களுக்கு என்மேல் பொறாமை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள்மேல் ஐந்து வருஷமாக இருக்கிறது அக்கா. நான் அதைக் குழுவில் எழுதிப் போடவில்லை, அவ்வளவுதான். இருமலுக்குக் காரணம், அந்த இடத்தில் நிறுத்த எனக்கு இன்னும் வரவில்லை. நிறுத்தினால் பயமாக இருக்கிறது, இருமிவிடுகிறேன்.

கைப்பையை மகேந்திரனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பிள்ளை ஆசையாக எடுத்தது.

ரோகினி

*

புக்கிட் பெலண்டோக்,
2 ஆகஸ்ட் 2025

ரோகினிக்கு,

சுகம். மாமாவும் சுகம். கைப்பை வந்தது.

உன் கடிதத்தில் எழுதியதற்கெல்லாம் பதில் எழுத எனக்கு நேரமில்லை. ஆகஸ்டு பத்தொன்பதாம் தேதி காலை மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து பார்வையிட வருகிறார்கள். என் வகுப்புச் சன்னல் ஓரத்தைத்தான் பார்க்க வருகிறார்களாம். தலைமையாசிரியர் என் பெயரைப் போட்டு, "ஆசிரியரின் சொந்தப் புத்தாக்கம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் இதுவரை ஒரு தடவைகூடக் காது கொடுத்துக் கேட்கவில்லை. சுவரைப் பார்த்ததோடு சரி.

இது நன்றாக முடிந்தால் முதலாம் ஆண்டு எனக்கு. இல்லாவிட்டால் நூலகம். அவ்வளவுதான். நீ எதுவும் கேட்காதே.

ரதி

*

கெமாஸ்,
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் எதுவும் கேட்காதே என்றதால் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். சுவரில் இருப்பதைக் கழற்றாதீர்கள். இருக்கிறபடியே இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

ரோகினி

*

புக்கிட் பெலண்டோக்,
23 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ரோகினிக்கு,

நான் சுகம். இப்போதுதான் சுகம், நாலு நாளைக்கு முன்னால் இல்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இவளுக்கு எல்லாம் தெரியும், நான் நாலு பேர் முன்னால் அசிங்கப்பட வேண்டும் என்று காத்திருக்கிறாள் என்று தோன்றியது. ஏன் தோன்றாது? அட்டையில் கைப்பேசியைக் காட்டினால் முதல் வார்த்தையே "வணக்கம் பிள்ளைகளே, ரோகினி டீச்சர் பேசுகிறேன்" என்றுதானே வைத்திருக்கிறாய். லுக்குட் டவுன் கடையில் படியெடுத்துப் பளபளவென்று ஒட்டிய எனக்கு அதை அழிக்கத் தெரியவில்லை. தேவனிடம் கேட்க வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கே பள்ளிக்குப் போய் அட்டைகளைக் கிழிக்க ஆரம்பித்தேன். ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம், மழைச்சாரல் பட்டுவிட்டது என்று. ஐந்தைக் கிழித்தேன். ஆறாவது உடும்பு. பஞ்சாலை சீக்கிரமே வந்து அதற்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "இத எடுக்காதீங்க டீச்சர்" என்றாள். நாலு மாதம் பேசாத பிள்ளை கேட்கும்போது எப்படிக் கிழிப்பேன்?

ஒன்பது மணிக்கு வந்தார்கள். இலாகா அம்மா நல்ல உயரம், கண்ணாடி. தலைமையாசிரியர் பின்னால் கை கட்டி நிற்கிறார். தேவன் வாசலில் நிற்கிறான். அந்த அம்மா தன் கைப்பேசியை எடுத்து உடும்பு அட்டையில் காட்டினார். சத்தமே இல்லை. ஒரு விநாடி, இரண்டு விநாடி. இதோ உன் பெயர் வரப் போகிறது, என் இருபத்தாறு வருஷம் போகப் போகிறது என்று நிற்கிறேன்.

அப்புறம் குரல் வந்தது. "ஒரு தோட்டத்துல ஒரு உடும்பு இருந்துச்சு. அதுக்கு ரொம்ப நாளா ஒரு சட்டை ஆசை."

என் குரல். தர்மினிக்கு நான் அனுப்பிய கதை. பின்னால் எங்கள் வீட்டுக் கோழி கத்துவதுகூடக் கேட்கிறது.

பஞ்சாலை என்னைத் திரும்பிப் பார்த்து, "இது நம்ம டீச்சர்லா" என்றாள். வகுப்பே சிரித்தது. கடைக்காரர் இடத்தில் நான் நிறுத்தினேன் பார், இலாகா அம்மாகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன் குரலைவிட என் குரல் நன்றாக இருந்தது, அதைச் சொல்லாமல் விட மாட்டேன். போகும்போது தலைமையாசிரியர், "முதலாம் ஆண்டு உங்களுக்குத்தான் டீச்சர், நான் பாத்துக்கறேன்" என்றார்.

நீதான் மாற்றியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஏன் அந்த முதல் பத்து விநாடி சத்தமே இல்லை? ஏதாவது கோளாறா? அந்தப் பத்து விநாடியில் நான் பாதி செத்துவிட்டேன்.

ரதி அக்கா

*

கெமாஸ்,
1 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

படித்ததும் சிரிப்பாகவும் இருந்தது, கண்ணும் கலங்கியது. பஞ்சாலைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இங்கே எல்லோரும் நலம்.

அன்று காலை ஏழரைக்கு மாற்றினேன். முன்னாலேயே மாற்றினால் உங்கள் பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள், நீங்கள் வீம்புக்கு எடுத்துவிடுவீர்கள் என்று பயம். நீங்கள் என் அட்டைகளைத்தான் ஒட்டியிருக்கிறீர்கள் என்று எனக்கு மே மாதமே தெரியும். உங்கள் வகுப்பில் பதினேழு பேர் என்று நீங்களே எழுதியிருந்தீர்களே.

அந்தப் பத்து விநாடி கோளாறு இல்லை அக்கா. அந்த இடத்தில் நீங்கள் பேசியிருக்கிறீர்கள். நான்தான் சத்தத்தை எடுத்தேன். "தர்மினி கண்ணு, உங்கம்மாவுக்குக் கதை சொல்ல வராது. சின்னப் பிள்ளையிலேருந்தே அவளுக்கு வாய் கட்டை. நீ பெரியம்மாகிட்ட கேளு." இதுதான் அதில் இருந்தது.

பிள்ளை அதை அன்றைக்கே என்னிடம் திருப்பிச் சொன்னாள். "உனக்கு வாய் கட்டையாம்மா?" என்று கேட்டாள். நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும், சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அதற்குப் பிறகு அந்தக் குரலைத் தினமும் போட்டு, நீங்கள் எங்கே நிறுத்துகிறீர்கள், எங்கே இழுக்கிறீர்கள் என்று பழகினேன். அப்படித்தான் அக்கா நான் பத்திரிகையில் வந்த கெமாஸ் டீச்சர் ஆனேன்.

வெட்டி எறிந்திருக்கலாம். மனசு வரவில்லை. இடத்தை அப்படியே விட்டு, சத்தத்தை மட்டும் எடுத்தேன்.

ரோகினி

*

புக்கிட் பெலண்டோக்,
20 செப்டம்பர் 2025

அன்புள்ள ரோகினிக்கு,

மாமா சுகம். எனக்கு இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை, மற்றபடி சுகம்.

அப்படிச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. நினைவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் அசிங்கமாக இருக்கிறது. எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறேனோ.

தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "சார், குரல் என்னது, கதை என்னது, அட்டையும் வேலையும் கெமாஸ்ல இருக்கிற என் தங்கச்சியோடது. நான் படியெடுத்து ஒட்டினேன்" என்றேன். பேனாவை மூடி மேசையில் வைத்தார். "இலாகாவுக்கு உங்க பேர்ல அறிக்கை போயிடுச்சே டீச்சர்" என்றார். திருத்தி எழுதுங்கள் என்றேன். மறுநாள் கூப்பிட்டு, முதலாம் ஆண்டை நானும் தேவனும் பாதிப் பாதி என்று முடிவு சொன்னார். தமிழ் எனக்கு, கணிதம் அவனுக்கு. பாதி போனது வலிக்கத்தான் செய்கிறது. வலிக்கவில்லை என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன்.

இனி பக்கத்திலேயே இருக்கப் போகிறவன்தானே என்று தேவனிடமே உட்கார்ந்து கட்டம் செய்யப் பழகினேன். பொறுமையான பையன். பிள்ளைகளுக்கு முன்னால் முதலில் உனக்கு ஒன்று செய்திருக்கிறேன். இதோடு வைத்திருக்கிறேன். கதை இல்லை. பத்து விநாடிதான்.

கைப்பேசியில் உன்னை இன்னும் திறந்துவிடவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான். தீபாவளிக்கு நேரிலேயே வருகிறோம்.

உன் அக்கா,
ரதி

*

கெமாஸ்,
4 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். தீபாவளிக்கு வாருங்கள், மாமாவுக்குச் சீனி போடாத பலகாரம் தனியாகச் செய்கிறேன்.

அட்டை கொஞ்சம் கோணலாக வெட்டியிருந்தது, ஆனாலும் திறந்தது. தர்மினியும் பக்கத்தில் இருந்தாள். "தர்மினி கண்ணு, பெரியம்மா அன்னைக்குச் சொன்னது தப்பு. உங்கம்மாவுக்குக் கதை சொல்ல வரும். என் வகுப்புப் பிள்ளைகள கேட்டுப் பாரு." கேட்டு முடித்துவிட்டு, "பெரியம்மா தோத்துட்டாங்களாம்மா?" என்றாள். இல்லை என்றேன்.

ஒரு வேண்டுகோள். அந்தப் பத்து விநாடியை எத்தனை தடவை திறந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது எப்படி என்பதைத் தேவன் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பான். தயவுசெய்து அதைப் பார்க்காதீர்கள்.

அன்புத் தங்கை,
ரோகினி